கேப்டன் ரத்தினம் வீடு திரும்பும் கணக்கு

குற்றாலம்,
4-7-1962

அன்புள்ள பாலாவுக்கு,

நலம். நீயும் அத்தையும் நலந்தானே? இங்கே சாரல் விட்டபாடில்லை. லாட்ஜ் அறையில் தாளெல்லாம் நமத்து, மை ஊறுகிறது.

வசமாக மாட்டிக்கொண்டேன். என் விண்வெளித் தொடர்கதையில் கேப்டன் ரத்தினம் ‘ஐந்து ஒளியாண்டு கழித்து’ பூமிக்குத் திரும்புகிறான், மனைவி வாசலில் நிற்கிறாள் என்று எழுதினேன். ஒளியாண்டு காலமே இல்லையாம். ஆசிரியர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணமானதிலிருந்து என் கதைகளுக்குக் கணக்குப் பார்த்தவள் நீதானே? நீ அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான் ஆகும். கணக்கு டீச்சரம்மா, கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பதில் போடு.

உன்
நமசிவாயம்


செங்கோட்டை,
7-7-1962

அத்தானுக்கு, பாலம்மாள் எழுதுவது.

ஒளியாண்டு என்பது தூரம். ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம், சுமார் ஆறு லட்சம் கோடி மைல். உங்கள் ரத்தினம் போகிற நட்சத்திரம் நாலேகால் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் கப்பல் மணிக்கு லட்சம் மைல்தானே போகிறது? போய்ச் சேரவே இருபத்தெட்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். திரும்பி வருகையில் மனைவி வாசலில் நிற்க மாட்டாள். வாசலே இருக்காது.

அம்மைக்கு இருமல் தேவலை.

பாலம்மாள்


குற்றாலம்,
10-7-1962

என் பாலா,

கப்பலின் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன். ஒளியையே முந்திக்கொண்டு போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? அவள் நிற்கிறாள் என்று மட்டும் நீ எழுதிக் கொடு.

நான் கதைக்காகக் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தை மாதம் பிரசவத்துக்குப் போனவள் இன்னும் வரவில்லை. கூப்பிட வந்தால் உன் அண்ணன், “அவ வரமாட்டேங்கா மாப்பிள்ளை, நீங்க போங்க” என்று வாசலோடு அனுப்பிவிடுகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதவும் வரவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

பிள்ளை செத்தே பிறந்தது. அன்று நான் முன்கூட்டியே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அதையாவது சொல். எதற்கு எனக்கு இந்தத் தண்டனை? உன் காலில் விழுகிறேன், வந்துவிடு.

நமசிவாயம்


செங்கோட்டை,
13-7-1962

அத்தானுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அன்று விடிந்ததும் எனக்கு வலி கண்டது. அண்ணன் உங்களுக்கு ஆள் அனுப்பினான். “தபால் ரயிலுக்குள்ள அத்தியாயத்த முடிச்சிட்டு வாரேன்” என்று சொல்லியனுப்பினீர்கள். இருட்டிய பிறகுதான் வந்தீர்கள். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. செத்தே பிறந்தது என்று உங்களிடம் சொல்லச் சொன்னது நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

பையன் உயிரோடுதான் பிறந்தான். மத்தியானம் பிறந்தான். அழச் சத்தில்லை, ஆனால் சாயங்காலம் வரை மூச்சு இருந்தது. பிறந்த பிள்ளைக்கு முதன்முதல் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கும் சேனையை நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அம்மை வைக்க வந்தாள், விடவில்லை. “அவுக அப்பா வரட்டும்” என்று மருத்துவச்சி அவனை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் நானே விரலால் தொட்டு வைத்தேன். சப்பினான், அத்தான்.

இனி எழுத வேண்டாம்.

பாலம்மாள்