சுண்டுவிரலில் மீசை

கோபம் ஆறாத என் மச்சானுக்கு,

போனில் பேசினால் “முறுக்கு கருகுது” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு நீங்கள் முறுக்குக் கடை வேலைக்கென்று புனேவுக்கு ரயில் ஏறியதிலிருந்து நம் பொண்ணு சாதனா நகத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். வேப்பெண்ணெய் தடவினேன். “உன் ரசத்துக்கு இது தேவலம்மா” என்கிறாள். உங்கள் வாய் அப்படியே இருக்கிறது.

பிறகு நாலு கலரில் நகப்பாலிஷ் வாங்கி, ஈர்க்குச்சி முனையால் விரலுக்கு ஒரு படம் போட்டுவிட்டேன். தக்காளி, பல்லி, முழிக்கிற ஆந்தை. எல்லாவற்றையும் இரண்டே நாளில் கடித்துத் துப்பிவிட்டாள். சுண்டுவிரலில் உங்கள் மூஞ்சியை மீசையோடு வரைந்திருந்தேன். அதை மட்டும் தொடவில்லை.

“ஏண்டி, அப்பாவக் கடிக்கலையா?”

“பாவம்மா. அங்க அவருக்கு யாரு இருக்கா?”

குளிக்கும்போதுகூட அந்த விரலை மடக்கிக்கொள்கிறாள்.

இப்போது அந்த நகம் வளர்ந்துவிட்டது. அடியில் வெறும் நகம் தெரிகிறது, நீங்கள் நுனிக்குப் போய்விட்டீர்கள். டீச்சர் நகத்தை வெட்டி வரச் சொல்கிறார். இவள் வெட்ட விடமாட்டேன் என்று அழுகிறாள். புதிதாக ஒன்று வரைந்து கொடு என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். படத்தை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து உங்கள் கையால் வெட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் ஸ்டேஷனில் அவளோடு நிற்பேன். நீங்கள் இறங்காவிட்டால், அடுத்த ஞாயிறும் நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரி