ஓரத்தோடு ஓரம் வைத்த தாள்கள்

நவம்பர் 3
ஆற்றின் மேல் நிலையத்திலிருந்து நாளைய வெள்ளத்தின் வரைபடம் வந்தது. வெள்ளம் ஒரு தாளில், கடலின் ஏற்ற இறக்கம் இன்னொரு தாளில். ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மணிக்கு மணி இரண்டு உயரங்களையும் கவராயத்தால் கூட்டிப் புள்ளி வைப்பது என் வேலை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதுதான். கூட்டிய கோடு ஐந்து மீட்டரைத் தொட்டால் முகத்துவாரத்துக் கரை தாங்காது.

வேலைக்கு நடுவே தம்பி போன் செய்தான். கரையை ஒட்டித்தான் அவன் வீடு. மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "அக்கா, மூட்டை கட்டட்டுமா, காலை நீட்டிப் படுக்கட்டுமா?" பேசிக்கொண்டே கூட்டினேன். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது கடல் இறங்கிக் கிடக்கிறது. நான்கைக்கூடத் தாண்டவில்லை. "படுடா சோம்பேறி," என்றேன். சிரித்தான். எச்சரிக்கை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 4
மாலை நான்கு மணிக்குக் கரை உடைந்தது. அவன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 5
எடுக்கவில்லை.

நவம்பர் 6
கிடைத்துவிட்டான். அடையாளம் சொல்ல நான்தான் போனேன். அதே தெருவில் இன்னும் நான்கு பேர்.

நவம்பர் 9
இன்று தாள்களை மறுபடி எடுத்தேன். மேல் நிலையத்தாரின் தாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அவர்கள் ஷிப்டு அப்படி. கடலின் தாள் நள்ளிரவில் தொடங்கும். கட்டத்துக்கு ஒரு மணி, ஆறு கட்டம் நகர்த்தித்தான் வைக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்துப் பாடம் அது, பன்னிரண்டு வருஷமாகத் தவறியதில்லை. அன்றைக்கு ஓரத்தோடு ஓரம் வைத்துவிட்டேன். வெள்ளத்தின் மேடு கடலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நகர்த்தி வைத்தால் மேட்டின் மேல் மேடு. ஐந்தேகால்.

என்ன பண்ணிட்டேன் — ஒரே ஒரு தடவ மூலைய பாத்திருக்கக் கூடாதா?

நவம்பர் 11
எங்கள் அலுவலகப் பொறியாளர் கூப்பிட்டார். "அவங்க தாள்ல நேரம் தெளிவா இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." தாளின் மூலையில் 'காலை 6' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கு இதுல? வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 14
துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் தம்பி மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்: "பிடிவாதக்காரர். அண்ணிய ஒரு வார்த்தை கேட்டிருந்தா கெளம்புடான்னு சொல்லியிருப்பாங்க." அந்த அண்ணி நான், தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

நவம்பர் 15
நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பொறியாளர் படித்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நவம்பர் 17
இன்று தம்பி மனைவியிடம் சொன்னேன். அவன் கேட்டதையும் நான் படுடா என்றதையும். இரண்டு தாள்களையும் அவள் அம்மா வீட்டு ஜன்னலிலேயே வைத்துக் காட்டினேன். அழவில்லை, திட்டவில்லை.

"எவ்வளவு நகத்தணும்?"

காட்டினேன். விரலை வைத்து அளந்து பார்த்தாள். இரண்டு விரல்கூட இல்லை. அண்ணி என்று கூப்பிடாமலேயே, நான் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டாள்.