வயலில் தண்ணீர் நிற்கிறதா

அக்கா,

சாய்ந்த சம்பாக் கதிர் தண்ணீரில் ஊறி முளைவிட்டால் ஒரு புளித்த நாற்றம் வரும். இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அதுதான். போன வாரம் 'லேசான மழை' என்று செல்போன் சொன்னதை நம்பி அறுப்பைத் தள்ளிப்போட்டேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உன் நினைப்புதான் முதலில் வந்தது. திட்டுவதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மேகத்தையும் மழையையும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலைக்கு நீ வெளிநாடு போன புதிதில், அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "பொங்கலுக்கு முன்னாடி மழ வருமா?" "தெரியலப்பா" என்பாய். அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் பொறுமையாகச் சொன்னாய்: "மெஷின் ஊரைக் கட்டம் கட்டமாத்தான் பாக்கும்ப்பா. திருத்துறைப்பூண்டிலேர்ந்து மன்னார்குடி வரைக்கும் ஒரே கட்டம். அதுக்குள்ள நம்ம வயல்ல கொட்டும், அடுத்த ஊர்ல தூறக்கூடத் தூறாது. மெஷின் ரெண்டையும் கலந்து எல்லாருக்கும் தூறல்னு சொல்லிடும்."

பிறகு அதைவிடப் பெரிய கூத்தைக் கண்டுபிடித்தாய். அந்த மெஷினின் வரைபடத்தில் நம் ஊர்ப்பக்கம் முழுக்க வறண்ட தரை. வயலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகி மேலே போவது அதன் கணக்கிலேயே இல்லை. "காவேரியத் தெரியாத மெஷினா!" என்று அப்பா சிரித்தார். அதைத் திருத்தத்தான், ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியதும் போன் செய்வாய்.

"அப்பா, வயல்ல தண்ணி நிக்குதா?"

"நிக்குதும்மா."

ஊர் ஏக்கத்தில் பெண் கேட்கிறாள் என்றே அம்மா கடைசிவரை நம்பினாள். இப்போது எனக்கும் அம்மா சொன்னதுதான் சரியென்று படுகிறது.

திருத்தி முடிக்குமுன் நோய் உன்னைக் கொண்டுபோயிற்று. பெட்டியில் வந்தாய். அடக்கத்தன்றும் செல்போனில் 'லேசான மழை' என்றுதான் போட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கொட்டிய மழையில் குழி நிரம்பியது. வாளியால் இறைக்க இறைக்க ஊறியது. "மழ விடாதுங்க, எறக்கிடலாம்" என்றார் குழி வெட்டியவர். பெட்டியை இறக்கும்போது அப்பா குனிந்து, உன்னிடம் மட்டும் சொல்வதுபோல, "நிக்குதும்மா" என்றார்.

அதன்பின் அப்பா வயல் பக்கமே வருவதில்லை. நீ விட்ட கணக்கை யாராவது முடித்தார்களா, தெரியாது. ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் என் கால் வரப்புக்குத்தான் போகிறது. பார்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

இன்றும் பார்த்தேன். முளைத்த நெல்லின் மேல் நிற்கிறது, அக்கா. போன்தான் வரவில்லை.