கௌதாரிக்காக நீ இருமிய காலை

என் தனத்துக்கு,

நேற்று உன் கருமாதி முடிந்தது. உன் அம்மா எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மருமவன் மாதிரி எவன் பொண்டாட்டியப் பாத்துக்குவான்? காடு மேடெல்லாம் அலைஞ்சி கௌதாரி புடிச்சாந்து குடுத்தாரு" என்று அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

நான் என்ன பரம்பரை வேட்டைக்காரனா? மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை நிறுக்கிறவன். உன் காசநோய்க்கு ஆஸ்பத்திரி ஊசி மட்டும் போதாது, கௌதாரிச் சாறு கொடுத்தால்தான் நெஞ்சு தேறும் என்று உன் அம்மா சொல்லியனுப்பியபோது எரிச்சலாகத்தான் வந்தது. ரேஷனில் மைலோச் சோள மாவுக்கே வரிசையில் நிற்கிற வருஷத்தில் கௌதாரிக்கு எங்கே போவது?

வல்லத்திலிருந்து பழக்கின கௌதாரிச் சேவல் ஒன்றைக் கூண்டோடு வாங்கி வந்தேன். அதையே அறுத்தால் ஒரு நாள் சாறுதான்; வைத்திருந்தால் தினம் ஒன்று பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். விற்றவன் சொன்ன பாடம் சுலபம். விடியும்போது கூண்டைப் புதரோரம் வைத்துச் சுற்றிலும் கண்ணி போட வேண்டும். இது கத்தும்; காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து மாட்டிக்கொள்ளும். செட்டிகுளம் தாண்டி ராஜகிரி அடிவாரத்தில் இருபது நாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண்ணியில் மாட்டியதெல்லாம் என் விரலும் ஓர் ஓணானும்தான். "இன்னா, இன்னிக்கும் ஓணான் கொழம்பா?" என்று மண்டியில் கேலி. சேவல் மௌனவிரதம். ஒருநாள் ஆத்திரத்தில் கூண்டை எட்டி உதைத்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

வீட்டில் மட்டும் அது தொண்டை கிழியக் கத்தியது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நீதான். படுத்தபடியே அதற்குக் கறையான் ஊட்டியது நீ. நீ இருமினால் அது பதில் கொடுக்கும். வேட்டைக்குக் கொண்டுபோகிறவன்தான் தீனி போட்டுப் பழக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. உனக்குப் பொழுது போகட்டும் என்று உன்னிடம் விட்டிருந்தேன்.

"நான் வந்து இருமுறேன்யா, அது கத்தும்" என்றாய். சிரித்தோம். மறுநாளும் வெறுங்கையோடு திரும்பினேன். அன்று நான் சிரிக்கவில்லை. நாளைக்கு வருகிறாயா என்று கேட்டேன். நீ விளையாட்டுக்குச் சொன்னதை நான் நிஜமாகக் கேட்டேன், தனம்.

மார்கழிப் பனியில் கம்பளியைச் சுற்றி உன்னை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஈரப் பாறையில் உட்கார்ந்தாய். என்றைக்கும் இல்லாமல் அன்று இருமல் வரவில்லை.

"இருமு" என்றேன்.

வேண்டுமென்றே இருமினாய். பிறகு நிறுத்த முடியவில்லை. கூண்டுச் சேவல் கத்தியது. பாறைக்குப் பின்னாலிருந்து காட்டுக் கௌதாரி பதில் கொடுத்தது. நீ வாயிலிருந்து எடுத்த துணியில் ரத்தம் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். கண்ணியில் சிறகு படபடத்தது.

எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்தேன். நாலு வாய் குடித்துவிட்டு, "நீயே புடிச்சேன்னு சொல்லுய்யா. என்னக் கூட்டிக்கினு போனது தெரிஞ்சா அம்மா உன்ன ஏசும்" என்றாய். மாலையே காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

நோய் முற்றிப்போயிருந்தது, எப்படியும் நிலைத்திருக்க மாட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பொங்கலையாவது பார்த்திருப்பாயா? இன்னும் ஒரு மாதம் என் மேல் கோபித்துக்கொண்டாவது இருந்திருப்பாயா? யாரைக் கேட்பேன்?

இப்போது சேவலுக்கு நான்தான் கறையான் போடுகிறேன். அது கத்துவதில்லை. இன்று அடுப்புப் புகை கமறி நான் இருமினேன். கூண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. தெருவுக்கு ஓடிவிட்டேன்.

உன் அம்மா விடிந்ததும் அனந்தபுரம் பஸ் ஏறப்போகிறார். இப்படியே விட்டால் சாகிற வரைக்கும் என்னைப் புகழ்ந்துகொண்டிருப்பார். நீ சொல்லி நான் தட்டுகிற பேச்சு இது ஒன்றுதான். பஸ் வருமுன் சொல்லிவிடுவேன்: கௌதாரியைப் பிடித்தது நான் இல்லை, அத்தை, உங்கள் மகள். ரத்தத்தைப் பார்த்த பிறகும் கையைக் காட்டியவன்தான் நான்.

இப்படிக்கு,
உன் கழுத்தில் தாலி கட்டியவன்