மச்சான் அன்று சொன்னது உண்மை

அன்புள்ள வெள்ளையம்மா,

நலமா? முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். இது நானே எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணினால் சிரிக்காதே!

நேற்று இங்கே மாசாய் ஊர்த் திடலில் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் மலாய்க்காரப் பையன் ஜைத் கோல் போட்டுவிட்டு, "ரெஃப்ரி, கையில பட்டுச்சு, இந்தக் கோல் வேணாம்" என்றான். "அலமாக், பைத்தியமா உனக்கு?" என்று கத்தியவர்களே பிறகு கைதட்டினார்கள்.

நம் தோட்டத்து இறுதி ஆட்டத்தில் நான் போட்ட கோலும் கையில் பட்டதுதான். எதிரணி கோல்கீப்பராக நின்ற உன் அண்ணன் காளிதாஸ் அதைச் சொன்னபோது, பொய்யன் என்று எல்லோரும் செருப்பு வீசினார்கள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். எழுதத் தெரியாமல் பிறரைக் கொண்டு உனக்குக் கடிதம் எழுதிய காலத்தில் இதை எப்படிச் சொல்லியிருப்பேன்?

மச்சானிடம் இதைப் படித்துக் காட்டு. அந்தக் கோப்பையை அவரிடம் கொடுத்துவிடு. அவர் கோபிக்காவிட்டால், என் மூக்குக்கண்ணாடியை அவரிடமே கொடுத்து இங்கே அனுப்பு. ஞாயிறு ஆட்டம் பார்க்கும்போது என் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது.

உன்
அய்யாவு