வேலி தாண்டிய மேபல்

குராய்டன், இங்கிலாந்து, நவம்பர் 1971

கோபம் தீராத என் மகளுக்கு,

உறைமேல் முகவரி எழுதியது பக்கத்து வீட்டு மிஸஸ் டாட். என் கையெழுத்தைக் கண்டால் நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய்.

கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. குழந்தைகள் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக நான் வரைந்த ‘வாலு மேபல்’ படக்கதையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். உன் கலைந்த தலையையும் பல்லிடுக்கையும் பார்த்துத்தான் மேபலை வரைந்தேன். வாரா வாரம் கடைசிக் கட்டத்தில் அவள் அப்பா மடியில் குப்புறக் கிடந்து செருப்படி வாங்குவாள். பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

“அப்பா, ஒரே ஒரு வாரம் அவ தப்பிச்சு ஓடட்டுமே?” என்று ஒன்பது வயதில் கேட்டாய்.

“அடுத்த வாரம் பாப்போம்டா செல்லம்,” என்றேன். நீ கேட்பதை நிறுத்தும்வரை அதையேதான் சொன்னேன்.

என் கடைசிப் பக்கத்தில் அவளை வேலி தாண்டி ஓடவிட்டேன். வியாழக்கிழமை இதழ் வந்ததும் கடையில் வாங்கிப் பார்த்தால், வழக்கம்போல அப்பா மடியில் குப்புறக் கிடக்கிறாள். பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“அடி விழலேன்னா பசங்க ஏமாந்துடுவாங்கய்யா. புது ஆளு கடைசிக் கட்டத்த மாத்தி, அச்சு அசல் உங்கள மாதிரியே போட்டுட்டான் பாருங்க!” என்று சிரித்தார்.

உண்மைதான். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அந்த இதழை உன் மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே.

நான் வரைந்த தாளைத் திருப்பித் தரமாட்டார்களாம். அவள் ஓடினாள் என்பதற்கு என் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. அதை நீ எவ்வளவு நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பா