தரைப்பாலத்து ஹீரோ

அக்டோபர் 15, பெரம்பலூர்

கீழப்பழுவூர் ஷூட்டிங்குக்கு இன்றைக்கும் லேட்டாகத்தான் போனேன். மொத்த யூனிட்டும் காத்திருந்தது. இருக்கட்டும். படம் ஓடப்போவது என் முகத்துக்காக, குழந்தைவேல் டைரக்‌ஷனுக்காக இல்லை. போஸ்டரில் ஹீரோயினை என் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். பின்னால் தள்ளச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 17

விடாத மழை. நாளைக்கு க்ளைமாக்ஸ். யார் வராவிட்டாலும் நான் போவேன்.

அக்டோபர் 19, ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறேன்.

நேற்று வழியில் ஓடைத் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே ஓடியது. கரையில் நின்ற ஒரு பெண், "போவாதீங்க சார், இழுத்துட்டுப் போயிடும்" என்று கையை ஆட்டினாள். காரிலேயே டச்சப் முடிக்கலாமென்று மேக்கப் ஏஞ்சல் மேரியை ஏற்றியிருந்தேன். அவளும் வேண்டாமென்றாள். நான் கேட்பேனா? ஸ்டியரிங் என் கையில்.

பாதிப் பாலத்துல கார் மிதந்துடுச்சு. சுத்திப் போயி ஒரு கருவேல மரத்துல முட்டுச்சு. ஜன்னல் வழியா வெளிய வந்தோம் — எப்படின்னு ஞாபகமில்லை. சினிமாவுல கடலையே நீந்தினவனுக்கு நிஜத்துல நீச்சல் தெரியாது. பிடிச்சிருந்த மரத்தை விட்டுட்டேன். மேரி என் காலரைப் பிடிச்சா. கிளைக்கும் எனக்கும் நடுவுல அவ வலது கை. முள்ளு கிழிச்சு ரத்தமா ஓடுது. "தம்பி, கத்தாத. ஆளுங்க வராங்க." அதுவரைக்கும் 'சார்'தான். நான் அம்மான்னு அழுதேன். ஊர்க்காரங்க கயிறு போட்டு இழுக்கிற வரைக்கும் அவ விடலை.

அக்டோபர் 20

டி.வி. முழுக்க நான். 'மேக்கப் பெண்ணைக் காப்பாற்றிய நிஜ ஹீரோ சக்தி!' பி.ஆர்.ஓ. ராஜாவின் வேலை. "ஓப்பனிங் பிச்சுக்கும் சார்" என்கிறான். மறுக்கவில்லை. நல்லாத்தானே இருக்கு? யாருக்கு என்ன நஷ்டம்?

அக்டோபர் 22

மேரி பக்கத்து வார்டுதான். இன்றைக்குத்தான் போனேன். மணிக்கட்டில் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. விரல் மடங்கவில்லை. "டி.வி. பாத்தியா?" என்றேன். சிரித்தாள். "சொல்லிட்டுப் போறாங்க சார். இனிமே பிரஷ் பிடிக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. எங்கிட்ட மழுப்புறாரு."

கேட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

நானே போய்ச் சொன்னேன். அழுதாங்க. எழுந்து வர முடியலை, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். வண்டியத் திருப்பியிருக்கலாம்ல? திருப்பியிருக்கலாம்ல நான்?

அக்டோபர் 25, அரியலூர்

பிரஸ் மீட். ராஜா எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை. "தடுத்தும் கேக்காம காரை விட்டது நான். அழுதது நான். காப்பாத்துனது ஏஞ்சல் மேரி. அப்படியே எழுதிக்கங்க" என்றேன். ராஜா தலையில் கை வைத்துவிட்டான். எனக்குக் குரல் நடுங்கவில்லை. இவ்வளவு நன்றாக எந்த வசனத்தையும் நான் பேசியதில்லை — அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி 7, கீழப்பழுவூர்

நின்னுபோன க்ளைமாக்ஸ் இன்னைக்கு. மேரிக்கா வந்துட்டாங்க. "இடது கையாலதான் முடியும். வேற ஆளு வச்சுக்கங்க" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தால், ஒரு புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. குழந்தைவேல் சார் பதறிப்போய், "துடைச்சிடலாமா?" என்றார்.

"க்ளோசப் வைங்க சார்" என்று லைட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.